ஒரு திரிக்கு ஒரு கேள்வி

கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க சார், ஃபேன் காத்து எனக்கும் வரட்டும். உங்க டோக்கன் எத்தனை? பதினாலா? எனக்கு ஒன்பது. என் டிஸ்க் உள்ள போயி ரெண்டு மணி நேரம் ஆச்சு. கண்ணாடி போட்ட அந்தப் பொண்ணு, ‘வெளிய உக்காருங்க சார், கூப்பிடறேன்’னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிச்சு. இந்தத் தெருவுல எனக்கு இது மூணாவது கம்ப்யூட்டர் கடை. மொத ரெண்டு கடையில கையை விரிச்சிட்டாங்க.

உங்களது என்ன, லேப்டாப்பா? தண்ணி கொட்டிடுச்சா? யாரு கொட்டுனது... சரி சரி, அது அப்புறம். நான் மொதல்ல என் விஷயத்தைச் சொல்லிடறேன். சுருக்கமா சொல்றேன். எனக்கு வளவளன்னு பேசறதே ஆகாது.

என் பேரு தெய்வசிகாமணி. சேலம் ஆத்தூர். தாலுகா ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் வேலை பாத்தேன். அதுல இருபது வருஷம் மனுப் பிரிவு. திங்கக்கிழமை ஆனா ஜனங்க வரிசையில நிப்பாங்க. ஆளுக்கு நாலு பக்கம், ஆறு பக்கம் எழுதிக் கொண்டு வருவாங்க. அண்ணன் அடிச்சது, அண்ணி ஏசுனது, மாடு செத்தது, மழையில செவுரு விழுந்தது, எல்லாம் அதுல இருக்கும். நான் ஒரு தடவை படிப்பேன். மேல ஒரே வரி எழுதுவேன். ‘பொருள்: பட்டா மாறுதல் கோருதல்.’ அவ்வளவுதான். கோப்பு நகர்ந்துடும். ஒரு துணை கலெக்டர் எல்லார் முன்னாடியும் சொன்னார் சார், ‘சிகாமணி கையில மனு போனா சாறு மட்டும்தான் வெளிய வரும், சக்கை வராது’ன்னு. அவர் மதுரைக்காரர். நல்ல மனுஷன். அவர் சம்சாரத்துக்குக் கூட ஆத்தூர் தண்ணி ஒத்துக்காம... விடுங்க, அது வேற திரி.

திரின்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுல்ல? அதைச் சொன்னாத்தான் மத்தது புரியும். ரிட்டையர் ஆனதும் என் பையன் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வீட்டுல வச்சுட்டுப் பெங்களூர் போயிட்டான். அது மாசத்துக்கு ஒரு தடவை மக்கர் பண்ணும். அப்பத்தான் இன்டர்நெட்ல ஒரு களம் கண்ணுல பட்டுச்சு. முழுக்கத் தமிழ்ல, கம்ப்யூட்டர் ரிப்பேருக்குன்னே. யாராவது ஒரு கேள்வி போடுவாங்க, தெரிஞ்சவங்க கீழ பதில் எழுதுவாங்க. அந்தக் கேள்வியும் பதிலும் சேர்ந்ததுக்குப் பேருதான் திரி. காசு பணம் கிடையாது. குவைத்துல இருந்து ஒருத்தர் எழுதுவார், கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் எழுதுவார். புண்ணியக் காரியம்.

ஆனா சார், அங்க ஒழுங்கு கிடையாது. பிரிண்டர் வேலை செய்யலன்னு ஒருத்தர் கேப்பார். ரெண்டு பேரு பதில் சொல்வாங்க. மூணாவது ஆளு ‘உங்க ஊரு எது, எங்க அத்தை அங்கதான் இருக்காங்க’ம்பார். நாலாவது ஆளு அந்த ஊரு பிரியாணியைப் பத்தி எழுதுவார். பிரிண்டர் அப்படியே கெடக்கும். நான் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, கனடாவுல இருக்கிற நிர்வாகிக்கு எழுதினேன், இப்படியே போனா களம் சந்தைக்கடை ஆயிடும்னு. அவர் ‘அப்ப நீங்களே பாத்துக்குங்க ஐயா’ன்னு என்னை மட்டுறுத்துனர் ஆக்கிட்டார். மட்டுறுத்துனர்னா, தலைப்பை விட்டு வெளிய போற பேச்சை வெட்டற அதிகாரம். ஏழு வருஷம் பாத்தேன். ஒரு நாள் லீவு போட்டதில்ல.

விதிகள் நான் எழுதினதுதான். ஒரு திரிக்கு ஒரு கேள்வி. குடும்பக் கதை கூடாது. ‘சரி’, ‘நன்றி’ன்னு சும்மா ஒரு வார்த்தைக்கு ஒரு பதிவு போடக் கூடாது. மீறினா வெட்டிட்டு, கீழ சிவப்பு எழுத்துல ஒரு வரி போடுவேன்: ‘இதற்கும் தலைப்புக்கும் என்ன சம்பந்தம்? - மட்டு.’ ஜனங்க பயந்தாங்க சார். களம் கண்ணாடி மாதிரி ஆச்சு. கேள்வி, பதில், கேள்வி, பதில். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்வாங்கல்ல, பேச்சும் அப்படித்தான்.

ஒரு நிமிஷம் சார், ஃபோன்... என்ன காமாட்சி? ... ம். ... ம். ... அவங்க வீட்டுக்கு யார் வந்தா நமக்கென்ன, விஷயத்துக்கு வா. ... மாத்திரையா, போட்டாச்சு. வை.

என் சம்சாரம். மாத்திரை போட்டாச்சான்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்கு முன்னாடி, எதிர்வீட்டுல யாரு வந்தா, என்ன சேலை கட்டியிருந்தான்னு ஒரு புராணம். முப்பத்தெட்டு வருஷமா சொல்லிப் பாக்கறேன். இப்பல்லாம் அவளும் குறைச்சுக்கிட்டா. முன்ன மாதிரி பேசறதில்ல.

எங்க விட்டேன்? ஆங், அஞ்சுகம்.

ஐப்பசி மாசம் ஒரு கேள்வி வந்துச்சு சார். துறையூர் பக்கம், அஞ்சுகம்னு ஒரு அம்மா. புது ஆளு. ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்துச்சு. அது இப்ப எனக்கு மனப்பாடம். வேணாம்னாலும் ஓடிக்கிட்டே இருக்கு. சொல்றேன், கேளுங்க. ‘ஐயா வணக்கம். எங்க கம்ப்யூட்டர் தானா அணைஞ்சு அணைஞ்சு எரியுது. எங்க வீட்டுக்காரருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகி ஓட்டை வச்சிருக்காங்க. ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவை மிஷின் போட்டுச் சளி உறிஞ்சி எடுக்கணும். அவருக்கு மிஷினைப் போடற நேரமாப் பாத்துத்தான் இந்தச் சனியனும் அணையுது. அவரைப் பாக்கறதா இதைப் பாக்கறதான்னு தெரியல. பொண்ணு மணிமொழிக்குத் தை மாசம் கல்யாணம் வேற வச்சிருக்கோம். நாலு பேரு நல்ல வழி சொல்லுங்க ஐயா.’

நான் என்ன பண்ணேன்? எதைப் பண்ணுவேனோ அதைப் பண்ணேன். ‘கணினி தானாக அணைந்து அணைந்து எரிகிறது. என்ன செய்யலாம்?’ இதை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை வெட்டிட்டேன். தொண்டை, சளி, கல்யாணம், இதுக்கெல்லாம் கம்ப்யூட்டர் திரியில என்ன சார் வேலை? நீங்களே சொல்லுங்க.

இருங்க, நீங்க முழிக்கறதைப் பாத்தா உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு போல. எல்லாரும் இப்பப் புரிஞ்ச மாதிரி முழிக்கறாங்க. அன்னைக்கு யாருக்கு சார் புரியும்?

பதில் குவிஞ்சுது. மெமரியைக் கழட்டித் தொடைச்சு மாட்டுங்கன்னு ஒருத்தர். அந்தம்மா தொடைச்சு மாட்டுச்சு. அணைஞ்சுது. உள்ள தூசி இருக்கும், ஊதுங்கன்னு ஒருத்தர். ஊதுச்சு. அணைஞ்சுது. பவர் கொடுக்கிற பெட்டியை மாத்துங்கன்னு ஒருத்தர். அந்தம்மா துறையூர் போயி அதையும் வாங்கி மாட்டுச்சு. அதுவும் அணைஞ்சுது. கடைசியா கோயமுத்தூர்காரர் எழுதினார், அணைஞ்சு அணைஞ்சு விண்டோஸே கெட்டுப் போயிருக்கும், டிஸ்கை ஃபார்மட் பண்ணிப் புதுசா ஏத்துங்கன்னு. எப்படி ஏத்தணும்னு பதினாறு படி எழுதிக் கொடுத்தார். அருமையான பதில். தலைப்பை விட்டு ஒரு எழுத்து வெளிய போகல.

அதுக்குக் கீழ அந்தம்மா எழுதுச்சு. இதுவும் மனப்பாடம். ‘ஐயா, ஃபார்மட் போட்டா அவர் குரல் போயிடாதே? அவர் பேசுனதெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. பன்னெண்டு வருஷப் பேச்சு. அதை வேற எங்கயாச்சும் எடுத்து வைக்கணுமா, எப்படி வைக்கறது?’

இது ரெண்டாவது கேள்வி சார். கோப்பைப் பாதுகாக்கறது வேற, கம்ப்யூட்டர் அணையறது வேற. விதின்னா விதி. வெட்டிட்டு எழுதினேன்: ‘ஒரு திரிக்கு ஒரு கேள்வி. கோப்புப் பாதுகாப்பு குறித்துத் தனித் திரி தொடங்கவும்.’ நான் முடியாதுன்னு சொல்லல, கவனிச்சீங்களா? தனித் திரி தொடங்குன்னுதான் சொன்னேன். அந்தம்மா ‘சரிங்க ஐயா’ன்னு ஒரு பதிவு போட்டுச்சு. ‘சரி’ன்னு பதிவு போடக் கூடாதுல்ல, அதையும் எடுத்துட்டேன்.

‘தனித் திரி’ன்னா என்னன்னே அந்தம்மாவுக்குப் புரியல. அதைக் கேக்கவும் பயம். ரெண்டு நாள் பாத்துச்சு. மூணாம் நாள் பதினாறு படியையும் வரிசையாச் செஞ்சிடுச்சு.

முடிச்சுட்டு எழுதுச்சு, ‘ஐயா, எல்லாம் புதுசா வந்திருக்கு. இப்பவும் அணையுது.’



குவைத்துல இருக்காருன்னு சொன்னேன்ல, ஜமால் முகமது, அவர் எலக்ட்ரீஷியன். அவருக்கு என் விதிகள் பிடிக்காது. திரியில எழுதாம அந்தம்மாவுக்குத் தனியா ஃபோன் போட்டிருக்கார். ‘தங்கச்சி, அது அணையற நேரத்துல வீட்டுல வேற என்ன நடக்கும்?’னு கேட்டிருக்கார். ‘அவருக்குச் சளி மிஷின் போடுவேன் அண்ணே’ன்னு சொல்லியிருக்கு. ‘மிஷின் பிளக்கை எங்க சொருகுவீங்க?’ ‘கம்ப்யூட்டர் சொருகியிருக்கிற அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலதான்.’ ‘தூக்கிச் சமையக்கட்டு பிளக்குல சொருகுங்க.’ அவ்வளவுதான் சார். அந்த மிஷினுக்கு உள்ள ஒரு மோட்டார் இருக்கு. அது ஓட ஆரம்பிக்கிறப்ப கரண்டை இழுத்துக்கும். பெட்டி பழசு, கம்ப்யூட்டருக்குக் கரண்டு பத்தாம அணையும். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட அணையல.

ஜமால் கோவமாக் கேட்டிருக்கார், ‘ஏம்மா, இதை மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?’ அந்தம்மா சொல்லியிருக்கு, ‘மொத நாளே சொன்னேனே அண்ணே.’

ஜமால் களத்துல வந்து கேட்டார், அந்தம்மா எழுதினதை முழுசாக் காட்டுங்கன்னு. வெட்டினது எங்கயும் போகாது சார், உள்ள இருக்கும். மட்டுறுத்துனர் மட்டும் பாக்கலாம். நான் பாத்தேன். பாத்துட்டு ரெண்டு நாள் சும்மா இருந்தேன். ஏன் இருந்தேன்னு கேக்காதீங்க. கை வரல. நிர்வாகி கனடாவுல இருந்து அதைத் தொறந்து எல்லாருக்கும் தெரியற மாதிரி போட்டுட்டார். அதுக்குக் கீழயே இன்னொரு வரி: ‘தெய்வசிகாமணி மட்டுறுத்துனர் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.’ ஏழு வருஷம் சார். ஒரு வரியில முடிச்சுட்டாங்க. ஏன் எதுக்குன்னு என் பக்கத்து நியாயத்தை ஒருத்தர் கேக்கல. நான் நாலு பக்கம் விளக்கம் எழுதி அனுப்பினேன். படிச்சாங்களான்னே தெரியல.

சரி, அது போகட்டும். பதவி என்ன பதவி. எனக்கு உறுத்தறது அது இல்ல சார். சோத்துல கை வச்சா அந்த வரிதான். ‘அவர் குரல் போயிடாதே?’ ஒரு வாரம் பாத்தேன். முடியல. ஜமால்கிட்டக் கெஞ்சி விலாசம் வாங்கி, பஸ் ஏறித் துறையூர் போனேன்.

சின்ன ஓட்டு வீடு. வாசல்ல ரெண்டு பழைய லவுட்ஸ்பீக்கர் குழாய் கவுத்துப் போட்டிருந்துச்சு, அது மேல கோழி உக்காந்திருந்துச்சு. நான் யாருன்னு சொன்னேன். அந்தம்மா திட்டும், அழும்னு நெனச்சுத்தான் போனேன். ‘நீங்கதானா மட்டு ஐயா? சின்ன வயசா இருப்பீங்கன்னு நெனச்சேன். உள்ள வாங்க. என் மேலதாங்க தப்பு. எனக்குச் சுருக்கமா எழுத வராது. வளவளன்னு எழுதி உங்களுக்கும் வேலை வச்சுட்டேன்’னுச்சு. பாத்தீங்களா, அந்தம்மாவே ஒத்துக்குது. ஆனா அதைக் கேட்டப்ப எனக்கு அங்கேயே மண்ணுக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு சார். திட்டியிருந்தா ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்காரர் பேரு கலியமூர்த்தி. சுத்துப்பட்டுல அவர் குரல் தெரியாத ஆள் கிடையாதாம். ஆட்டோவுல மைக் கட்டிக்கிட்டுப் போவாங்கல்ல, ‘அன்பார்ந்த வாடிக்கையாளர்களே’ன்னு, அது அவர்தான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கோயில் கும்பாபிஷேகம், யாராவது செத்துட்டா இறுதி ஊர்வலம், எல்லாத்துக்கும் வீட்டுலயே உக்காந்து பதிவு பண்ணிக் கொடுப்பார். மூணு வருஷம் முன்னாடி தொண்டையில புத்துநோய். குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. கட்டில்ல உக்காந்திருந்தார். என்னைப் பாத்து வாயை அசைக்கிறார், காத்து மட்டும் வருது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். குரல் போன பிற்பாடும் தொழில் நிக்கல சார். அங்கதான் அந்தம்மா கெட்டிக்காரி. பன்னெண்டு வருஷப் பதிவையும் கம்ப்யூட்டர்ல போட்டு, வார்த்தை வார்த்தையா வெட்டித் தனித்தனி ஃபோல்டர்ல வச்சிருந்துச்சு. கிழமைக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு, கடைப் பேருக்கு ஒண்ணு. புதுசா ஆர்டர் வந்தா ‘வருகின்ற’, ‘வெள்ளிக்கிழமை’, ‘துறையூர்’, ‘மாபெரும்’னு எடுத்து ஒட்டிடும். கேக்கறவனுக்குக் கலியமூர்த்தி நேத்துப் பேசுன மாதிரி இருக்கும். மூணு வருஷமா அந்தக் குரல்தான் சோறு போட்டுச்சு. ஃபோன்ல இருக்கிற மிஷின் குரல்ல பண்ணித் தர்றேன்னா கடைக்காரங்க ஒத்துக்கலையாம், ‘அண்ணன் குரல்லதான் வேணும்’கிறாங்களாம்.

வெட்டறதுன்னு சொன்னேன்ல, நடுவுல அவர் இருமுவாராம், டீ கேப்பாராம், மைக்கை அணைக்க மறந்துட்டு ஏதாவது சொல்லிக்கிட்டிருப்பாராம். அறிவிப்புக்கு ஆகாத அந்தத் துண்டையெல்லாம் ‘வேண்டாதது’ன்னு ஒரு ஃபோல்டர்ல தள்ளி வச்சிருந்ததாம். நான் கேட்டேன், ‘வேண்டாததை எதுக்கும்மா வச்சிருக்கே, அன்னைக்கே அழிச்சிருக்கலாமே’ன்னு. ‘இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேங்க’ன்னுச்சு.

அப்புறம் அந்தம்மா கல்யாணக் கதைக்குப் போயிடுச்சு. தை பதினாலாம் தேதி முகூர்த்தம். மண்டபத்துல வர்றவங்களைக் கலியமூர்த்தியே மைக்குல வரவேற்கிற மாதிரி ஒண்ணு தயார் பண்ணணும்னு அதுக்கு ஆசை. அழியறதுக்கு முன்னாடி ‘அன்பார்ந்த’ இருந்துச்சாம், ‘உற்றார் உறவினர்’ இருந்துச்சாம், ‘வருக வருக’ இருந்துச்சாம். பொண்ணு பேரு மட்டும் இல்லையாம். கடைப் பேரு, சாமி பேரு, செத்தவங்க பேரு வரைக்கும் சொல்லியிருக்கார், பெத்த பொண்ணு பேரை எந்த அறிவிப்புலயும் சொன்னதில்ல. அந்தப் பொண்ணு அங்கதான் நின்னுக்கிட்டிருந்துச்சு, கையில காப்பித் தட்டோட. ‘எங்கப்பா என் பேரைச் சொல்லிக் கேட்டு மூணு வருஷமாச்சு சார்’னு அது ஒரு பக்கம். ‘அதைத் தேடத்தான் ஐயா அந்த வேண்டாத...’ன்னு அந்தம்மா இழுக்குது. நான் கையைக் காட்டி நிறுத்திட்டேன். இருட்டறதுக்குள்ள பஸ் பிடிக்கணும், டிஸ்கைப் பத்தி நாலு விவரம் வாங்கணும். பேரு தேடறதுக்கும் டிஸ்குக்கும் என்ன சம்பந்தம்? என்ன கம்பெனி, எத்தனை ஜிபி, எந்தத் தேதி ஃபார்மட் போட்டது, அதை மட்டும் குறிச்சுக்கிட்டேன்.

கெளம்பறப்ப கலியமூர்த்தி கையைப் பிடிச்சார். பக்கத்துல ஒரு சிலேட்டு வச்சிருக்கார். எழுதினார், ‘சாப்பிட்டுப் போங்க.’ அழிச்சார். ‘கறிக்கொழம்பு.’ அதையும் அழிச்சுட்டு என்னமோ எழுத ஆரம்பிச்சார், இடம் பத்தல, நிறுத்திட்டார். எல்லாத்தையும் ரெண்டு வார்த்தையில முடிச்சுடறார் சார். ஒரு வகையில பாத்தா எனக்குப் பிடிச்ச மாதிரி ஆளு. ஆனா எனக்கு என்னமோ அன்னைக்கு அதைப் பாக்கவே முடியல. நான் சாப்பிடல. டிஸ்கைத் துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். நான் மீட்டுக் கொண்டாந்து தர்றேன்மான்னு வாக்குக் கொடுத்துட்டு வந்துட்டேன். என்னை நம்பி மூணு பேரும் வாசல்ல வந்து நிக்கிறாங்க. எதை வச்சு சார் அந்த வாக்கைக் கொடுத்தேன்?

மொதக் கடையில கேட்டாங்க, ‘ஃபார்மட் பண்ணிட்டு மேல புது விண்டோஸும் ஏத்திட்டீங்களா?’ன்னு. ஆமான்னேன். சிரிச்சுட்டான். ரெண்டாவது கடையில ஒரு நாள் வச்சிருந்துட்டு முடியாதுன்னுட்டாங்க. இங்க இந்தப் பொண்ணுதான் ‘பாக்கறேன் சார், உறுதி சொல்ல மாட்டேன்’னுச்சு. என்ன கோப்பு வேணும்னு ஒரு தாள்ல எழுதச் சொன்னாங்க. ‘ஒலி அறிவிப்புகள்’னு எழுதிக் கொடுத்திருக்கேன். இன்னைக்கு மார்கழி இருபத்தி மூணு. கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு.

என்னால வேற என்ன சார் பண்ண முடியும்? எனக்கு இந்த டிஸ்குக்குள்ள போகத் தெரியுமா? ஏழு வருஷம் கம்ப்யூட்டர் களத்துல இருந்தேன்னு பேரு, ஒரு கம்ப்யூட்டரைக்கூட நான் ரிப்பேர் பண்ணதில்ல. வெட்டத்தான் தெரியும். நம்மால ஆனது இந்த பெஞ்சுல உக்காந்திருக்கறதுதான்.

என்னம்மா? ஒன்பதா? இதோ. சார், நீங்களும் வாங்க. தனியாக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல. வந்து பக்கத்துல நில்லுங்க, போதும்.

சொல்லும்மா. வந்துச்சா?

... எல்லாமுமா? ஒண்ணுகூட இல்லையா? கிழமை, ஊரு, கடைப் பேரு, ஒண்ணும்?

சார், கேட்டீங்களா. புது விண்டோஸ் போயி உக்காந்த இடத்துலதான் அந்த ஃபோல்டரெல்லாம் இருந்துச்சாம். அழிஞ்சது அழிஞ்சதுதானாம். நான் ஆத்தூர்ல உக்காந்துக்கிட்டு ஒரு வரியை வெட்டினேன் சார், அங்க ஒரு மனுஷன் குரலே போயிடுச்சு. ரெண்டாவது தடவையா போயிடுச்சு. நான் அந்த வீட்டு வாசல்ல எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போயி நிப்பேன்?

என்னம்மா சொல்றே? ஒண்ணு வந்திருக்கா? எது? போடு, போடு.

அட, இதுவா.

சார், பேரைப் பாருங்க. ‘வேண்டாதது’. டிஸ்க்ல கடைசி மூலையில இருந்ததால இது மட்டும் தப்பிச்சுதாம். நானூத்திச் சொச்சம் துண்டு. பாத்தீங்களா விதியை? சாறெல்லாம் போயி சக்கை மிஞ்சியிருக்கு. நல்லதுக்கு நாதியில்ல, இது குத்துக்கல்லாட்டம் முழுசா வந்திருக்கு.

ஒண்ணு ரெண்டு போட்டுக் காட்டும்மா, சார் கேக்கட்டும்.

கேக்குதா? இருமல். ... இது ‘அஞ்சுகம், டீ என்னாச்சு?’ இதை எந்த ஜவுளிக்கடைக்குப் போட முடியும், சொல்லுங்க. ... இது சிரிப்பு. என்னத்துக்குச் சிரிக்கிறார்னு தெரியல, நல்லாத்தான் சிரிக்கிறார். ... இது என்ன, ‘ஏ மணிமொழி, கதவைச் சாத்துடா கண்ணு, பதிவு ஓடுது.’ ... பாருங்க, அடுத்ததும் அதேதான், ‘மணிமொழி, அப்பா பேசிக்கிட்டிருக்கேன்ல’. போதும்மா, நிறுத்து. ஒரு அறிவிப்புக்கு ஆகுமா இதுல ஏதாவது?

கேக்கறாங்க சார், இதை இப்படியே எடுத்துக் கொடுக்கவா, இல்ல சுத்தமா அழிச்சு டிஸ்கைப் புதுசா ஆக்கித் தரவான்னு. நான் என்ன நெனைக்கிறேன்னா, இதைக் கொண்டு போயி அந்தம்மா கையில கொடுத்தா என்னமோ மீட்டுட்டு வந்துட்டான்னு ஆசையாத் தொறக்கும். தொறந்தா இருமல். பாவம், வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுன மாதிரி ஆயிடும். அதுக்குப் பதிலாக் காலி டிஸ்க்கா கொடுத்துட்டா புதுசா ஏதாவது வச்சுக்கவாவது ஆகும். என்னால ஆனது அந்த ஒண்ணுதான்.

அழிச்சிடும்மா.

என்ன சார்? எதுக்கு இப்ப என் கையைப் பிடிக்கிறீங்க? அந்தப் பொண்ணையும் ஏன் நிறுத்தச் சொல்றீங்க? ... யாரு, மணிமொழியா? ஆமா சார், கல்யாணப் பொண்ணு பேருதான் அது. காப்பித் தட்டோட நின்னுச்சுன்னு சொன்னேனே, அந்தப் பொண்ணுதான்.

அதுக்கும் இதுக்கும் என்ன சார் சம்பந்தம்?